மண்டபத்துக்கு முன்னால் சமையல்கட்டு

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் கடைசியில் உள்ள பட்டியலை மட்டும் படித்தால் போதும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

போன வாரம் மதுரையில் என் பழைய மாணவன் ஒருவன் கட்டும் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பூச்சு வேலை தொடங்கப் போகிறது. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுச்சுவரில் 6 அடி நீளத்துக்கு இடைவெளி விட்டிருந்தான்.

"இங்கதான் சார் ரீஃப் டேங்க். 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம். ரெண்டு பக்கமும் பார்க்கலாம்" என்றான். உள்ளலங்காரம் செய்கிற தம்பியும் கூட இருந்தார். கைபேசியில் படம் காட்டினார். அழகான படம்தான். நீல வெளிச்சம், ஆடும் பவளம், நடுவில் கோமாளி மீன்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மெஷின் எல்லாம் எங்கப்பா?"

"கீழ கேபினெட்லதான் சார். பாதியில மெஷின், மீதிப் பாதியில ஷூ ரேக்."

"அப்படின்னா இந்தத் தொட்டியைக் கட்டாதே" என்றேன். மாணவன் முகம் வாடிவிட்டது. அந்தத் தம்பி சிரித்தார். "சார், அதெல்லாம் உங்க காலம். இப்ப எல்லாமே காம்பாக்ட்" என்றார்.

அவர் சிரித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நம்பிப் பல பேர் லட்சக்கணக்கில் செலவு செய்கிறார்கள், உயிர்கள் சாகின்றன. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெரிய பவளத் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் முதலில் அளக்க வேண்டியது தொட்டிக்கான இடத்தை அல்ல, கருவிகளுக்கான இடத்தை. கருவிகளுக்கு எவ்வளவு இடம் தர முடியும் என்று முடிவு செய்த பிறகுதான் தொட்டியின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது.

கல்யாண மண்டபம் பார்க்கப் போகும்போது விவரமானவர்கள் மேடையையா முதலில் பார்க்கிறார்கள்? நேராகப் பின்பக்கம் போவார்கள். சமையல்கட்டு எவ்வளவு பெரிது, அடுப்பு எத்தனை, பாத்திரம் கழுவ இடம் உண்டா, தண்ணீர் போக வழி உண்டா என்று பார்ப்பார்கள். மேடையில் ஆயிரம் விளக்கு இருந்தாலும் பின்னால் சமையல்கட்டு இல்லையென்றால் பந்தி நடக்காது. பவளத் தொட்டியும் அப்படித்தான். கண்ணாடிக்கு முன்னால் தெரிவது பந்தி. அதை நடத்துவது கண்ணுக்குத் தெரியாத இடம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2011-ல் வாடகை வீட்டில் இருந்தபோது 4 அடித் தொட்டி ஒன்று வைத்தேன். கீழே சின்ன கேபினெட், அதற்குள் ஒரு சின்ன சம்ப். சம்ப் என்றால் வாசலில் நிலத்துக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி இல்லை. மேல் தொட்டியில் வழியும் நீர் கீழே இறங்கி, சுத்தமாகி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே ஏறும். அந்தக் கீழ்க் கண்ணாடித் தொட்டிக்குத்தான் சம்ப் என்று பெயர்.

34 ஆண்டுகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். சைஃபன் எப்படி வேலை செய்கிறது என்று கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! ஆனால் என் வீட்டில் அதே பாடத்தை மறந்துவிட்டேன்.

ஒரு நாள் இரவு 2 மணிக்குக் கரண்ட் போனது. பம்ப் நின்றது. மேலே தண்ணீர் கொண்டுபோகும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தது. பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, தண்ணீரைக் கீழே இழுக்கத் தொடங்கியது. குழாய் வாய் காற்றைத் தொடும்வரை அது நிற்காது.

கணக்குப் பாருங்கள். தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். 10 செ.மீ. இறங்கினால் 54 லிட்டர். என் சம்ப்பில் காலியாக இருந்த இடம் 18 லிட்டர்தான். மீதி 36 லிட்டர் உப்புத் தண்ணீர், மூன்று குடம் அளவு, கேபினெட்டை நிறைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தது. கேபினெட்டின் தரையில்தான் மின் பலகை கிடந்தது. மேலே மாட்ட இடமில்லை என்று கீழே போட்டிருந்தேன்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு என் மனைவி எழுந்து வந்தாள். இருட்டில் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு "என்னங்க, எங்கேயோ குழாய் உடைஞ்சிருக்கு" என்று கூப்பிட்டாள். நான் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தெருவிளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. நடுவில் இருந்தது ஒரு நிமிடம்கூட இல்லை.

அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது. மறுநாள் மீன்கள் செத்தன. அது அடுத்த கவலை. தவறு கடைக்காரருடையது அல்ல, தச்சருடையதும் அல்ல. இடம் போதாது என்று தெரிந்தும் திணித்தவன் நான்.

ஆகவே "காம்பாக்ட்" என்று சொல்கிறவர்களிடம் நான் கணக்கைத்தான் கேட்பேன். என் மாணவன் கட்ட நினைக்கும் தொட்டியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் எடை. 180 × 75 × 60 செ.மீ. என்றால் 810 லிட்டர். கடல்நீர் சாதாரணத் தண்ணீரைவிடச் சற்றே கனம், எனவே சுமார் 830 கிலோ. கனத்த கண்ணாடி, பாறை, மணல், கீழே சம்ப், தாங்கும் சட்டம் எல்லாம் சேர்த்தால் 1,200 கிலோவைத் தாண்டும். இது நிற்கும் இடம் 1.35 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 900 கிலோ. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அது அறை முழுவதும் பரவிய சுமை என்பதால் உடனே இடிந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் மாடியில் வைப்பதாக இருந்தால் கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். உள்ளலங்காரம் செய்கிறவரின் "ஒண்ணும் ஆகாது சார்" போதாது.

அடுத்தது சம்ப். இந்தத் தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினாலே 13.5 லிட்டர் கீழே வரும். குழாய்களைச் சரியாக அமைத்தாலும் கரண்ட் போகும்போது 2, 3 செ.மீ. தண்ணீராவது இறங்கத்தான் செய்யும். அப்படியென்றால் 40 லிட்டருக்குச் சம்ப்பில் எப்போதும் காலியிடம் இருக்க வேண்டும். வேலை செய்யும் தண்ணீருக்கு ஓர் இடம், இறங்கிவரும் தண்ணீருக்கு ஓர் இடம். ஷூ ரேக் இருந்தால் இந்த இரண்டாவது இடம் கிடைக்காது. ஷூவுக்குள்தான் அந்தத் தண்ணீர் போகும்.

மூன்றாவது ஸ்கிம்மர். பருப்பு கொதிக்கும்போது மேலே கட்டும் நுரையைக் கரண்டியால் எடுத்துக் கொட்டுவோமே, அந்த வேலையைச் செய்யும் கருவி இது. நுண்குமிழிகளை விட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் மீன் கழிவை நுரையாக மேலே ஏற்றி ஒரு கிண்ணத்தில் சேர்க்கும். இந்த அளவுத் தொட்டிக்கான ஸ்கிம்மர் பொதுவாக 60 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். கிண்ணத்தைக் கழற்ற அதற்கு மேல் இன்னும் 20 செ.மீ. வேண்டும். என் மாணவனின் கேபினெட் உயரம் 75 செ.மீ. மேலே கல், கீழே பலகை போக உள்ளே 69 செ.மீ. மாட்டிவிடலாம். கழற்றிக் கழுவ முடியாது. கழுவ முடியாத ஸ்கிம்மர் ஒரு மாதத்தில் வெறும் அலங்காரப் பொருள். அதனால் என்ன செய்கிறார்கள்? கேபினெட்டுக்கு ஏற்ற சின்ன ஸ்கிம்மர் வாங்குகிறார்கள். தொட்டிக்கு ஏற்றதை வாங்குவதில்லை. பிறகு "தண்ணி ஏன் சார் கலங்குது?" என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

நான்காவது சில்லர். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பவளத்துக்கு 25, 26 டிகிரி சுகம். மதுரையில் ஏ.சி. போடாத ஹால் மே மாதத்தில் 34-ஐத் தாண்டும். ஆகவே தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் அவசியம். சில்லர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பமும், கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் சேர்ந்து சூடான காற்றாகப் பின்னால் வரும். அதை மூடிய கேபினெட்டுக்குள் வைப்பது, ஃபிரிட்ஜை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது போல. தன் சூட்டைத் தானே உறிஞ்சி, நிற்காமல் ஓடி, கடைசியில் நின்றுபோகும். அது நிற்பது எப்போதும் கடும் கோடையில்தான், ஏனென்றால் அப்போதுதான் அதற்கு வேலை அதிகம். பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த விஷயம் இது. முப்பரிமாணப் படம் வரைகிறவர்களுக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது தண்ணீர். கோடையில் இவ்வளவு பெரிய தொட்டியில் ஒரு நாளைக்கு 8, 10 லிட்டர் ஆவியாகும். நீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். ஈடுகட்டாவிட்டால் உப்பு நாளுக்கு நாள் ஏறும். எனவே சுத்திகரித்த நன்னீர் நிரப்பிய ஒரு பாத்திரம் பக்கத்திலேயே வேண்டும். ஒரு வாரம் ஊருக்குப் போனால் 70 லிட்டர். அதை மாடித் தொட்டியின் குழாயோடு நேரடியாக இணைக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். மிதவை ஒரு நாள் சிக்கிக்கொண்டால் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் கடல் ஒரே இரவில் குளமாகிவிடும். பாத்திரம் என்றால் அதில் இருக்கும் அளவுக்கு மேல் தவறு நடக்காது.

இதோடு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். 80 லிட்டருக்கு 2.8 கிலோ உப்புக் கலந்து, ஒரு நாளாவது சுழலவிட்டுப் பிறகு ஊற்ற வேண்டும். அதற்கு இன்னொரு டிரம். பழைய தண்ணீர் போக ஒரு வழி. ஹால் நடுவில் கேபினெட்டுக்குள் இந்த டிரம்மை எங்கே வைப்பீர்கள்? வாளி வாளியாகச் சமையலறையிலிருந்து தூக்கி வருவீர்கள். முதல் 3 மாதம் தூக்குவீர்கள். பிறகு இடுப்பு வலிக்கும், "அடுத்த வாரம் பார்க்கலாம்" வரும். தொட்டி சாவது அந்த வார்த்தையில்தான். சோம்பேறித்தனம் என்று மனிதரைத் திட்டுகிறோம். உண்மையில் அது இடக்குறைவு.

கடைசியாக மின்சாரம். உப்புக்காற்று படும் இடத்தில் எல்லாம் உப்புப் பூக்கும். ஒயர் வழியாக ஏறும், பிளக்குக்குள் போகும். மின் பலகை சம்ப்புக்கு மேலே இருக்கக் கூடாது. பக்கவாட்டுச் சுவரில், ஈரம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்கைவிடக் கீழே இறங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த இணைப்புக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். என் வீட்டில் அன்று அது இல்லை.

கரண்ட் போனால் மீன்களுக்கு முதலில் வேண்டியது குளிர்ச்சி அல்ல, பிராணவாயு. தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி. பாதியை நம்பலாம் என்று வைத்தாலும் 90 வாட் பம்ப்புகள் 10 மணி நேரம் ஓடும். அந்த இன்வெர்ட்டரும் பேட்டரியும் உப்பு ஈரத்துக்குத் தள்ளி, காற்றோட்டமாக இருக்க வேண்டும். அதற்கும் இடம் வேண்டும்.

இப்போது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பாதிக் கேபினெட்டில் அடங்குமா?

இதற்கு எனக்கு மூன்று பதில்கள் கிடைக்கின்றன.

முதல் பதில்: "சதுர அடி என்ன விலை தெரியுமா சார்?" தெரியும். அதனால்தான் சின்னத் தொட்டி வையுங்கள் என்கிறேன். 3 அடித் தொட்டிக்குச் சம்ப் சின்னது, எடை குறைவு, தண்ணீர் மாற்றம் இரண்டு வாளி. அதில் அழகு குறைந்துவிடாது. விருந்துக்கு 500 பேரைக் கூப்பிட்டுவிட்டு 50 பேருக்குச் சமைக்கும் அடுப்பை வைப்பதுதான் தப்பு.

இரண்டாவது: "வெளிநாட்டில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வருதே?" வருகிறது. அவை பெரும்பாலும் சின்னத் தொட்டிகள், கருவிகளுக்கான அறையைத் தொட்டிக்குப் பின்னாலேயே ஒதுக்கி வடிவமைத்தவை. அதாவது அவர்களும் முதலில் இடத்தைத்தான் ஒதுக்கினார்கள். அதைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது.

மூன்றாவது: "அதெல்லாம் மாசம் ஒரு தடவை வர்ற பையன் பார்த்துப்பான் சார்." இந்தப் பதில்தான் என்னை மிகவும் உறுத்துகிறது. அந்தப் பையன் எப்படிப் பார்த்துக்கொள்கிறான் என்று யாராவது கூட நின்று பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் 20 வயதுப் பையன் ஒருவன் குப்புறப் படுத்து, தலையையும் ஒரு கையையும் கேபினெட்டுக்குள் விட்டு, கைபேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஈரக் கையோடு பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து மீனைக் காட்டி எனக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் மிச்சம் பிடித்த 20 சதுர அடிக்கு விலை கொடுப்பது அந்தப் பையனின் முதுகும் உயிரும். மனிதன் நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடியாத இடத்தைக் கட்டுகிறவர், அந்த வேலையைத் தான் செய்யப் போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் விளையாடுவது சாதாரண உயிரோடு அல்ல. மன்னார் வளைகுடா நம் வீட்டு வாசலில் இருக்கிறது. 21 தீவுகள். 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த 21-ல் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. 2001-ல் கல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. ஆகவே "நம்ம கடல் கல்லுதான் சார், விலை குறைவு" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், அது குற்றம். என் தொட்டியில் கல் பவளம் கிடையாது. ரசீதோடு வாங்கிய மென்பவளங்கள்தான் இருக்கின்றன. பாறை, சிமெண்டில் நானே வார்த்தது. மீனில்கூட, பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

அந்த உயிர் நம் வீட்டுக்கு வந்தால் கடல் அதற்குச் செய்ததை எல்லாம் நாம் செய்ய வேண்டும். அலை, குளிர்ச்சி, சுத்தம், உப்பின் அளவு எல்லாவற்றையும். கடலுக்கு அதற்கு எவ்வளவு இடம் இருந்தது! நாம் 30 சதுர அடிகூடத் தரமாட்டோம் என்றால் அதை வளர்க்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

சரி, என்ன செய்யலாம்? அவசரக்காரர்களுக்கான பட்டியல்:

1. தொட்டிக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை, 6-க்கு 5 அடி இருந்தாலே போதும். ஒரு குளியலறை அளவு. சம்ப், டிரம்கள், சில்லர் எல்லாம் அங்கே. அதற்கு வழியில்லை என்றால் தொட்டி நீளத்தைக் குறையுங்கள்.

2. அந்த அறையில் ஒரு குழாய், ஒரு தொட்டிமுற்றம், தரையில் தண்ணீர் போகும் ஜாலி, ஜாலியை நோக்கித் தரைச் சரிவு. பூச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

3. காற்றை வெளியேற்றும் விசிறி. சில்லரின் சூடு வீட்டுக்குள் வரக் கூடாது.

4. மின் பலகை நெஞ்சு உயரத்துக்கு மேல், சம்ப்புக்கு நேர் மேலே இல்லாமல். தனி ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டர் இணைப்பு தனியாக.

5. ஸ்கிம்மர் வாங்கிய பிறகு அளக்காதீர்கள். முதலில் மாடலை முடிவு செய்து, கிண்ணம் கழற்றும் உயரத்தையும் சேர்த்து அளந்து, பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள்.

6. தொட்டிக்கு மேலே குறைந்தது ஒன்றரை அடி காலியிடம். கை உள்ளே போய் அடிமணலைத் தொட வேண்டும்.

7. புது மீனைத் தனியாக வைத்துப் பார்க்க ஒரு சின்னத் தொட்டிக்கு ஓர் அலமாரித் தட்டு.

8. தண்ணீர் ஊற்றியதும் முதல் வேலை: நீங்களே மெயின் சுவிட்சை அணைத்து, கீழே எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று பாருங்கள். மீன் வாங்குவது அதற்குப் பிறகு. இரவு 2 மணிக்கு வரும் தேர்வைப் பகலிலேயே எழுதிவிடுங்கள்.

நேற்று இரவு அந்த மாணவன் போன் செய்தான். "சார், ஷூ ரேக்கை எடுத்துட்டேன்" என்றான். "பத்தாதுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: "பின்னால ஸ்டோர் ரூம் இருக்கு சார். ஆனா வீட்டுல அவங்க அதை விடமாட்டாங்க."

"அவங்க சொல்றதுதான் சரி. அரிசி மூட்டையை எங்க வைப்பாங்க? தொட்டியை 3 அடியாக்கு" என்றேன்.

"யோசிக்கிறேன் சார்" என்றான். அவன் வகுப்பிலும் கணக்குப் போடுவதற்கு முன் இப்படித்தான் சொல்வான். பெரும்பாலும் சரியாகவே போடுவான். பூச்சு வேலைக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது.

வீடு கட்டும் நண்பர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இதைப் பகிருங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பகிர்ந்தால் நல்லது.